‘மைக்ரேஷன்’ = இடப்பெயர்வா? ‘கூட்டிக் கழித்தல்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கணினிச் சொற்பட்டியலில் ‘ஸ்கீமா மைக்ரேஷன்’ (தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பை மாற்றுவது) என்பதற்கு எதிரே ‘திட்ட இடப்பெயர்வு’ என்று கிடப்பதை இன்று தற்செயலாகப் பார்த்தேன். எடுத்துவிடலாம் என்று உடனே தோன்றியது. எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்கப் போய் மதியச் சாப்பாடே தள்ளிப்போய்விட்டது. அதனால் மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘திட்டம்’ என்றால் ஐந்தாண்டுத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதில் ‘உருவரை’ போதும் என்பேன். என் சண்டை இரண்டாவது சொல்லோடு. இங்கே எதுவும் எங்கேயும் பெயர்வதில்லை. வாடிக்கையாளர் அட்டவணை நேற்று இருந்த வட்டிலேயே இன்றும் இருக்கிறது; அதன் வடிவம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) இன்னொரு வழங்கிக்குத் தரவை ஏற்றிப் போவதை இடப்பெயர்வு என்று சொல்லிக்கொள்ளலாம். அது வேறு வேலை.

சொல் தப்பாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முழுகியது. ‘போன்’ என்ற நெடுவரிசையை ‘மொபைல்’ என்று பெயர் மாற்ற வேண்டும். தரவுத்தளம் ஒன்று, அதன் முன்னால் செயலி ஓடும் வழங்கிகள் ஆறு. ‘மைக்ரேஷன் ஓட்டியாச்சு’ என்று நான் சொன்னபோது உண்மையில் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை, பெயர் மாறிவிட்டது. ஆனால் புதுச் செயலி ஒவ்வொரு வழங்கியாகத்தானே ஏறும்? முதல் வழங்கிக்குப் புதுப் பெயர் தெரியும். மற்ற ஐந்தும் இல்லாத ‘போன்’ நெடுவரிசையைக் கேட்டுக் கேட்டுப் பிழை எறிந்தன. கடைசி வழங்கி மாறும்வரை ஆர்டர் எடுக்க முடியவில்லை. இடம் பெயர்வது என்றால் மூட்டை கட்டு, கிளம்பு, போய்ச் சேர் என்று ஒரே வீச்சில் முடிகிற காரியமாகத்தான் மனசில் பதிகிறது. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அனுபவப்பட்டவர்கள் செய்வது வேறு. ‘மொபைல்’ என்று புது நெடுவரிசையை வெறுமையாகச் சேர்ப்பார்கள். இரண்டிலும் எழுதுகிற, ஆனால் பழையதிலிருந்தே படிக்கிற செயலியை எல்லா வழங்கிகளிலும் ஏற்றுவார்கள். பழைய வரிகளின் மதிப்புகளை ஆயிரம் ஆயிரமாகப் புதியதற்கு நகலெடுப்பார்கள், தரவின் பிரதியை வைத்திருக்கும் நகல் வழங்கிகள் பின்தங்காமல் இடையிடையே மூச்சுவிட்டு. பிறகு புதியதிலிருந்து படிக்கும் செயலி. பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்துவது. சில நாள் கழித்து, யாரும் தொடவில்லை என்று உறுதியானபின், ‘போன்’ போகும். ஆங்கிலத்தில் இதை ‘எக்ஸ்பாண்ட் அண்ட் கான்ட்ராக்ட்’ என்கிறார்கள். ‘விரித்துச் சுருக்கல்’ என்று பெயர்த்தால் வம்பு: ‘சுருக்கல்’ கோப்புகளைச் சிறிதாக்குவதற்குப் போய்விட்டது.

என் முன்மொழிவு: கூட்டிக் கழித்தல். கணக்கில் நாம் தினமும் புழங்குகிற சொல். வரிசையும் அதற்குள்ளேயே இருக்கிறது: முதலில் கூட்டு, பிறகு கழி. போகிக்குப் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று சொல்லிப் பழகிய வாய் நமக்கு. தரவுத்தளத்தில் அந்த வரிசையில் போனால் என் கதைதான். இங்கே புதியன புகுந்து, நிலைத்து, அப்புறம்தான் பழையன கழிய வேண்டும்.

கூட்டுவது இப்போது மலிவு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 11ஆம் பதிப்பு (2018) முதல் நிலையான இயல்புமதிப்போடு (டிஃபால்ட்) நெடுவரிசை சேர்த்தாலும் அட்டவணை முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மற்றவர்கள் அட்டவணையைத் தொடாமல் நிறுத்தும் பூட்டு வேண்டும். முன்னால் ஒரு நீண்ட அறிக்கை வினவல் ஓடிக்கொண்டிருந்தால் நம் கட்டளை அதன் பின்னால் நிற்கும்; நம் பின்னால் வருகிற சாதாரண வாசிப்புகளும் நிற்கும். ஒரு நொடி வேலைக்கு ஊரே வரிசையில். பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை இரண்டு நொடி என்று கட்டிவிட்டு, கிடைக்காவிட்டால் விலகி, மறுபடி முயல்வதுதான் மரியாதை.

இன்னும் இரண்டு சொல்:

பழைய வரிகளை நிரப்பும் ‘பேக்ஃபில்’லுக்கு ‘பின்னிரப்பல்’ என்று பட்டியலில் இருக்கிறது. பள்ளத்தில் மண் போட்டு மட்டமாக்குவதை ஊரில் ‘நிரவுவது’ என்போம். நிரவல் போதாதா? ஆசிரியர்கள் ‘பணி நிரவல்’ என்று பதறுவார்கள், பரவாயில்லை.

அட்டவணையின் ‘காலம்’ (column), அதாவது நெடுவரிசை, என்பதற்கு ‘நிரல்’ என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அணிக்கணக்கில் நிரை, நிரல் சரிதான். ஆனால் நமக்கு நிரல் என்றால் செயலிக்கு எழுதும் கட்டளைகள் (code). ‘முதலில் நிரலைச் சேர், பிறகு நிரலை மாற்று’ என்று ஒரு வழிகாட்டியில் படித்தேன். இரண்டும் வேறு வேறு நிரல் என்று புரிய எனக்கு நேரமெடுத்தது.

அன்புடன்.

---

மறுமொழி 1

வணக்கம் ஐயா. இடப்பெயர்வை எடுக்க வேணும் எண்டதுக்கு என்னிடம் வேறொரு காரணம் இருக்கு. எங்கட வீட்டில் அந்தச் சொல் 1995 ஒக்டோபர்தான். போரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் ஓரிரவில் வெறுமையானது. ‘இடப்பெயர்வு வெற்றி’ எண்டு திரையில் பச்சை எழுத்தில் வந்தால் அம்மா என்ன நினைப்பா எண்டு யோசிச்சிருக்கிறன்.

ஆனால் உங்கட சொல்லுக்கு ஒரு கேள்வி. தரவுத்தளமே பல வழங்கிகளில் பரந்து, உருவரையும் ஒவ்வொரு வழங்கிக்கு ஒவ்வொரு நேரம் போய்ச் சேர்ந்தால்? கூகுளின் எஃப் 1 எண்ட தரவுத்தளம் பற்றி 2013இல் வந்த கட்டுரையில் ஒரு சுட்டியை (வரிகளை வேகமாய்த் தேட உதவும் இன்டெக்ஸ்) சேர்க்கவே இடையில் நிலைகள் வைக்கினம். புது உருவரை தெரிஞ்ச வழங்கி சுட்டியில் ஒரு பதிவைப் போடுது. பழசு மட்டும் தெரிஞ்ச வழங்கி அந்த வரியை அழிக்குது. சுட்டி இருக்கிறதே அதுக்குத் தெரியாது, ஆகவே சுட்டிப் பதிவு அநாதையாய்த் தங்கிவிடும். அதால முதலில் எல்லா வழங்கியும் சுட்டியில் ‘அழிக்க மட்டும்’ பழக வேணும், அடுத்தது ‘எழுத மட்டும்’, கடைசியாய்த்தான் படிக்கலாம். எந்த நேரத்திலும் அடுத்தடுத்த இரண்டு உருவரைகளுக்கு மேல் புழக்கத்தில் இருக்கக் கூடாது எண்டதும் அதிலதான். இது கூட்டலா, கழித்தலா?

---

மறுமொழி 2

ஐயா, கருத்து நன்று. ஆனால் ‘அடுத்த வாரம் கழிப்போம்’ என்று அலுவலகக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். கழிப்பறை வாசலில் நிற்பது மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள்.

---

மறுமொழி 3

சிரிக்கத்தான் செய்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். வினையாக வரும்போது ‘சேர்’, ‘நீக்கு’ என்றே எழுதுவோம். முழு முறைக்குப் பெயராக மட்டும் ‘கூட்டிக் கழித்தல்’ இருக்கட்டும்.

எஃப் 1 கேள்விக்கு: அது கூட்டலின் உள்ளே இருக்கும் படிகள் என்று நினைக்கிறேன் தம்பி. கூட்டல் ஒரே அடியில் நடப்பதில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. ‘அழிக்க மட்டும்’, ‘எழுத மட்டும்’ என்று நீங்கள் எழுதியதையே படிநிலைகளின் பெயராகப் பட்டியலில் போட்டுவிட்டேன். இதைவிடத் தெளிவாக எனக்கு வராது. அம்மாவைப் பற்றி எழுதியது மனசில் நின்றது. அந்தக் காரணமே போதும், என் ஆறு வழங்கிக் கதை தேவையில்லை.

பட்டியலில் ‘உருவரை மாற்றம்’ என்று புதுப் பதிவும், அதன் கீழ் ‘கூட்டிக் கழித்தல்’, ‘நிரவல்’ இரண்டும் சேர்த்திருக்கிறேன். மூன்று மொழிபெயர்ப்புக் குழுக்கள் இன்னும் பழைய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் மாறும்வரை ‘இடப்பெயர்வு’ம் பக்கத்திலேயே இருக்கும், ‘வழக்கொழிகிறது’ என்ற குறிப்போடு. அடுத்த வெளியீட்டில் நீக்குகிறேன்.