புதுப்பிப்பு: நின்றுபோன எலக்ட்ரிக், ஹைப்ரிட் காரை எடுத்துச் செல்வது

கயிறு கட்டி இழுக்காதீர்கள், ஃபிளாட்பெட் வண்டியை (காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான லாரி) கூப்பிடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். முன் சக்கரத்தை மட்டும் தூக்கினால் போதாதா என்று பலர் கேட்டிருந்தார்கள்.

எந்தச் சக்கரத்தை மோட்டார் ஓட்டுகிறது என்பதுதான் கேள்வி. அந்தச் சக்கரம் ரோட்டில் உருண்டால் மோட்டாரும் கூடவே சுற்றும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருந்தால் நியூட்ரலிலும் மின்சாரம் உற்பத்தியாகும். மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கெடலாம், சூடேறித் தீயும் பிடிக்கலாம். நெக்ஸான் இவி முன் சக்கரத்தில் ஓடுவது; அதன் முன்பக்கத்தைத் தூக்கினால் மோட்டார் சுற்றாது. மஹிந்திரா பிஇ 6-க்குப் பின் சக்கரம்; அதன் முன்பக்கத்தைத் தூக்கி இழுப்பது வினையை விலைக்கு வாங்குவதுதான். நான்கு சக்கரமும் ஓடும் வண்டி என்றால் நான்கும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், கியர் 'பி'யிலேயே (பார்க்கிங்) மாட்டிக்கொள்வது. பெரும்பாலும் காரை ஆன் செய்ய உதவும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தரும் ஜம்ப் ஸ்டார்ட்டர் கொடுத்து, காரை ஆன் செய்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகு பிரேக்கை மிதித்து 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கையும் விடுவியுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டரை உடனே கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் சில வண்டிகள் தானாகவே மறுபடி 'பி'க்குப் போய்விடும். அப்படியும் அசையவில்லையா? சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தட்டு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பூட்டிய சக்கரத்தை வின்ச்சால் (லாரியில் உள்ள, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) தரதரவென்று இழுக்க விடவே கூடாது.

காரை இழுத்து ஏற்ற, அதில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கியைக் கடைசி மரை வரை முறுக்குங்கள். மேலே ஏற்றியதும் பெல்ட்டை டயரின் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். அடியில் பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அங்கே கொக்கி மாட்ட விடாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய அல்லது அடிபட்ட வண்டியைக் கொண்டுபோய் இறக்கிய பிறகும் கட்டடம், மற்ற வண்டிகளிலிருந்து 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்கள். பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும்.