பழைய ஸ்டீரியோ ரிசீவரின் ஹெட்போன் ஜாக்: நல்ல ஆம்ப்ளிஃபயரா, காதின் மயக்கமா?

இரவுப்பாட்டு (கேள்வி)

வணக்கம். 1970-களின் பிற்பாதியில் தயாரான, சேனலுக்கு 30 வாட் தரும் ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில்) ஒன்று சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. ஸ்பீக்கர்களை வைக்க இடமில்லாததால் பல மாதங்களாக அது அலமாரியின் மேல்தட்டில் சும்மா கிடந்தது. சென்ற வாரம் ஏதோ ஒரு ஆர்வத்தில் அதன் முகப்பில் உள்ள 6.35 மி.மீ. ஜாக்கில் என் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனைச் செருகிக் கேட்டேன். இத்தனை நாள் கைபேசியோடு இணைத்துக் கேட்டுவந்த சிறிய யூஎஸ்பி டாங்கிளில் மெலிந்து ஒலித்த பாடல்கள் இதில் சதைப்பிடிப்போடு ஒலித்தன. குறிப்பாக மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும், ஆண் குரலின் அடிப்பகுதியும் நெருங்கி வந்து நின்றதைப் போல் இருந்தது.

என் ஐயங்கள் இவை. முதலாவதாக, இந்த வேறுபாடு உண்மையானதா, அல்லது பழைய பொருளின் மீதுள்ள பாசமும் மஞ்சள் விளக்கொளியும் சேர்ந்து செய்யும் வேலையா? இரண்டாவதாக, 30 வாட் தரும் கருவியில் ஹெட்போனைச் செருகினால் அது எரிந்துபோகாதா? மூன்றாவதாக, என்னிடமுள்ள இன்னொரு ஹெட்போன், 32 ஓம் கொண்ட மூடிய வகை, அதே ஜாக்கில் ‘தொம் தொம்’ என்று அடித்தொனி வீங்கிக் கேட்கிறது. ஒரே கருவி ஒன்றுக்கு நல்லதாகவும் மற்றொன்றுக்குக் கெட்டதாகவும் ஆவது எப்படி?

ஈயப்புகை

வணக்கம் நண்பரே. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது ஜாக்கின் பின்புறம் சால்டர் செய்யப்பட்டிருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள்.

அக்காலத்து ரிசீவர்கள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஸ்பீக்கரை இயக்கும் அதே வெளியீட்டு டிரான்சிஸ்டர்களிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, சேனலுக்கு ஒன்றாக 220 ஓம் முதல் 470 ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, அதை ஜாக்கில் கொண்டுபோய் விடுவார்கள். ஹெட்போனுக்குப் போகும் ஆற்றலை மட்டுப்படுத்துவதும், பின்னைச் செருகும்போது ஒரு கணம் ஏற்படும் குறுக்கிணைப்பு டிரான்சிஸ்டர்களைத் தாக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த ரெசிஸ்டரின் வேலை. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஒலியளவுக் குமிழை முழுவதும் திருகி வைத்துவிட்டுச் செருகாதவரை எரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஓமில் 30 வாட் என்றால் வெளியீட்டு மின்னழுத்தம் ஏறத்தாழ 15.5 வோல்ட். இடையில் 330 ஓம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 300 ஓம் ஹெட்போனுக்கு அதிகபட்சம் 7.4 வோல்ட், அதாவது 180 மில்லிவாட் கிடைக்கும். 32 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 1.4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 60 மில்லிவாட்டுக்கு அருகில். முகப்பில் 30 வாட் என்று எழுதியிருந்தாலும் ஜாக்கில் வருவது இவ்வளவுதான்; காதுக்கு இது மிகத் தாராளம்.

இனி ‘சதைப்பிடிப்பு’ பற்றி. ஹெட்போனின் மின்மறுப்பு, அதாவது ஒலி அலையாக வரும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு (இம்பீடன்ஸ்), எல்லா அலைவெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. எச்டி 600-க்கு 300 ஓம் என்று குறித்திருந்தாலும், அதன் அதிர்வுத்தகடு இயல்பாக ஒத்ததிரும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் அது 550 ஓம் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. டாங்கிளின் வெளியீட்டு மின்மறுப்பு ஓரிரு ஓம்தான் என்பதால் அங்கே இந்த ஏற்ற இறக்கம் ஒலியைத் தொடுவதில்லை. 330 ஓம் குறுக்கே நிற்கும்போது, மின்மறுப்பு உயரும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைக்கும் மின்னழுத்தப் பங்கும் உயர்கிறது. கணக்கிட்டால் 100 ஹெர்ட்ஸ் பகுதி ஏறத்தாழ 2.4 டெசிபெல் தூக்கலாக வரும். தொப்பிப் பக்கமும் ஆண் குரலின் அடியும் நெருங்கி வந்ததாக நீங்கள் எழுதியது அந்த மேட்டைத்தான். ஆகவே அது மயக்கம் அன்று. ஆனால் கருவியின் மேன்மையும் அன்று.

அந்நாளில் இதை யாரும் குறையாகக் கருதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968-இல் வந்த சென்ஹைசர் எச்டி 414 ஹெட்போன் 2000 ஓம். பழைய ஏகேஜி கே240 வகை 600 ஓம். அவற்றோடு ஒப்பிட்டால் 330 ஓம் ஒரு பொருட்டல்ல. 1996-இல் வந்த ஐஇசி 61938 என்னும் பன்னாட்டு மின்னியல் தரநிலைகூட ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓமைத்தான் பரிந்துரைத்தது.

தட்டைக்கோடு

ஈயப்புகை அவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 32 ஓம் ஹெட்போனைப் பற்றிய மூன்றாவது கேள்வியை அவர் தொடாமலே விட்டுவிட்டார். பழைய ரிசீவரைப் புகழ்பவர்கள் வழக்கமாக நழுவும் இடம் அது என்பதால் நான் எழுதுகிறேன்.

உங்கள் மூடிய ஹெட்போன் 80 ஹெர்ட்ஸ் அருகில் 60 ஓமுக்கு உயர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே 330 ஓம் குறுக்கே இருந்தால் அந்த இடத்தில் ஏற்படும் தூக்கல் 4.8 டெசிபெல். இது எச்டி 600-இல் ஏற்படுவதைப் போல இரு மடங்கு. தவிர, அதிர்வுத்தகடு தானாக ஆடத் தொடங்கும்போது அதை அடக்குவதற்கு ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு தாழ்ந்த மின்தடையாக இருக்க வேண்டும். அந்த அடக்குதலை இந்த ரெசிஸ்டர் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடுகிறது. அடித்தொனி வீங்குவதோடு நில்லாமல் இழுபட்டும் ஒலிப்பது இதனால்தான். பல ஆர்மேச்சர்கள் (மிகச் சிறிய ஒலிப்பான்கள்) கொண்ட காதினுள் செருகும் வகையைத் தயவுசெய்து இந்த ஜாக்கில் முயன்று பார்க்காதீர்கள். அவற்றின் மின்மறுப்பு சில ஓம் முதல் பல பத்து ஓம் வரை தாவுவதால் ஒலியின் உருவமே மாறிவிடும். தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும் பிளானர் வகை ஹெட்போன்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் மின்மறுப்பு கிட்டத்தட்ட நேர்க்கோடாகவே இருப்பதால் ரெசிஸ்டர் ஒலியளவைக் குறைக்குமே தவிர நிறத்தை மாற்றாது.

இன்னொன்று. டாங்கிளையும் ரிசீவரையும் ஒப்பிட்டபோது ஒலியளவைச் சமன்செய்தீர்களா? ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் கருவியை ‘சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது, ‘தெளிவு அதிகம்’ என்றுதான் சொல்லும். 400 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும் நிலையில் இரண்டு கருவிகளின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரில் ஒன்றாக்கிவிட்டு மறுபடியும் கேளுங்கள். குறைந்த ஒலியளவில் அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘பழைய ரிசீவரின் மாயம்’ என்று எனக்குக் காட்டப்பட்டவற்றுள் பாதி அந்தப் பொத்தானின் மாயம்தான்.

இரவுப்பாட்டு

இருவருக்கும் நன்றி. லவுட்னஸ் அமுங்கித்தான் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதை விடுவித்து, ஒலியளவையும் சமன்செய்து கேட்டபோது வேறுபாடு பாதியாகக் குறைந்தது. ஆனால் மறையவில்லை.

மூடியைத் திறக்கத் துணிவில்லாததால் ரெசிஸ்டரின் மதிப்பை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முயன்றேன். 400 ஹெர்ட்ஸ் அலையை ஓடவிட்டு, ஜாக்கில் எதுவும் இணைக்காமல் 1.00 வோல்ட் வரும்படி குமிழை நிறுத்தினேன். பிறகு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தபோது 0.23 வோல்ட் காட்டியது. 1.00-ஐ 0.23-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 100-ஆல் பெருக்கினால் 335 ஓம் வருகிறது. ஈயப்புகை அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்ன 330 ஓம்தான் உள்ளே இருக்கிறது போலும்.

புதிதாக ஒரு தொல்லை. கணினியோடு இணைக்கும் டிஏசி கருவியிலிருந்து (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றுவது) ரிசீவரின் ஆக்ஸ் என்னும் கூடுதல் உள்ளீடு வழியாகப் பாட்டு கொடுத்தால், குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி நிலைக்கு மேல் திருக முடியவில்லை. அந்த நிலையில் இடது பக்கம் மட்டும் சத்தம் கூடுதலாக இருக்கிறது, தொட்டால் கரகரக்கிறது.

கரகரப்பு

என் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டீர்கள், வராமல் இருக்க முடியுமா!

நீங்கள் சொல்வது இரண்டு வேறு கோளாறுகள். கரகரப்பு என்பது குமிழின் உள்ளே உள்ள கார்பன் தடத்தில் படிந்த அழுக்கு. மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, இதற்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைத் தடத்தில் படும்படி அடித்து, முழு வீச்சில் முப்பது நாற்பது முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் கலந்த துருநீக்கி எதையும் அடித்துவிடாதீர்கள்.

சேனல்களின் ஏற்றத்தாழ்வு அப்படிப்பட்டதன்று. அக்காலத்து ரிசீவர்களின் ஆக்ஸ் உள்ளீடு 150 மில்லிவோல்ட் கிடைத்தாலே முழு ஆற்றலையும் தரும்படி அமைக்கப்பட்டது. இன்றைய டிஏசி தருவது 2 வோல்ட். இந்த 22 டெசிபெல் வேறுபாட்டால் குமிழின் தொடக்கப் பகுதியிலேயே நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். இரட்டைக் குமிழ்களின் இரு தடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது எப்போதும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான். கணினியிலேயே ஒலியளவை 20 டெசிபெல் குறைத்து, குமிழைப் பத்து பதினொரு மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் முனைகளில் எவ்வளவு நேர்மின்னழுத்தம் (டிசி) கசிகிறது என்று அளந்தீர்களா? பாட்டு எதுவும் ஓடாத நிலையில், ஒலியளவு சுழியமாக, கருவி சூடேறிய பத்து நிமிடங்களுக்குப் பின் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நூறைத் தாண்டினால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முதலில் கருவியைச் சரிபாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். காதுக்கு வரும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் ஏறினால் அது மின்வழங்கிப் பகுதியின் பெரிய மின்தேக்கிகளின் முறையீடு. பின்புறத்தில் மின்னழுத்தத் தேர்வு சுவிட்ச் இருந்தால் அது உங்கள் வீட்டு மின்னழுத்தத்தில்தான் நிற்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முன்பு ஒருமுறை, முகப்பு ஜாக்கைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று ஸ்பீக்கர் முனைகளிலிருந்து நேராக ஒரு ஹெட்போன் சாக்கெட்டுக்குக் கம்பி இழுத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னைச் செருகினேன். பின்னின் நுனி உள்ளே போகும் வழியில் இரண்டு தொடுமுனைகளை ஒரு கணம் சேர்த்துவிட்டது. ‘டப்’ என்ற ஒரு சத்தம். வலது சேனலின் இரண்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் போயின. அந்த 330 ஓமின் அருமை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஈயப்புகை

கரகரப்பு அவர்கள் செய்ததையே பத்திரமாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் போதும். ஸ்பீக்கரின் நேர்முனையிலிருந்து 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று தொடராக. அதன் மறுமுனைக்கும் எதிர்முனைக்கும் குறுக்கே 10 ஓம், 1 வாட் ஒன்று. அந்த 10 ஓமின் இரு புறமும் ஹெட்போன். இப்போது ஹெட்போன் எதிர்கொள்ளும் வெளியீட்டு மின்மறுப்பு 8 ஓமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பின் குறுக்கிணைந்தாலும் 47 ஓம் தாங்கிக்கொள்ளும். பாட்டோடு சேர்ந்து ரிசீவரின் இரைச்சலும் 15 டெசிபெல் குறைந்துவிடும். அதனால் குமிழையும் இன்னும் வசதியான இடத்துக்குத் திருகலாம். அதிகபட்சம் 2.7 வோல்ட் கிடைக்கும். உங்கள் இரண்டு ஹெட்போன்களுக்கும் அது போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஹெட்போனின் மூன்று முனைப் பின்னில் இரு சேனல்களுக்கும் எதிர்முனை பொது. ஆகவே கருவியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இடது வலது எதிர்முனைகள் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சுழியம் காட்டாவிட்டால் இந்த முயற்சியை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரவுப்பாட்டு

எதிர்முனைகள் ஒன்றாகவே இருந்தன. கசிவு, இடதில் 12 மில்லிவோல்ட், வலதில் 61. தெரிந்த மெக்கானிக் ஒருவர் உள்ளே இருந்த சிறிய திருகு ஒன்றைச் சரிசெய்து வலதை 9-க்குக் கொண்டுவந்தார். குமிழையும் அவரே சுத்தம் செய்து தந்தார்.

ரெசிஸ்டர்களை ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சால்டர் செய்து இரண்டு நாள் கேட்டேன். 32 ஓம் ஹெட்போனின் ‘தொம் தொம்’ அடங்கி, அடித்தொனி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எச்டி 600-ஐ அதே பெட்டியில் செருகினால், ஒலியளவைச் சமன்செய்த பிறகு, டாங்கிளுக்கும் ரிசீவருக்கும் இடையே எனக்கு வேறுபாடே தெரியவில்லை. ஈயப்புகை அவர்களின் கணக்கு சொன்னதும் இதுதான்.

ஆனாலும் நேற்று இரவு எச்டி 600-இன் பின்னைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, மீண்டும் முகப்பு ஜாக்கிலேயே செருகிவிட்டேன். அந்த 2.4 டெசிபெல் தவறு என்று தெரிந்தும், மிருதங்கத்துக்கு அது வேண்டியிருக்கிறது. பெட்டி மூடிய ஹெட்போனுக்கு.

தட்டைக்கோடு

தெரிந்தே சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. லவுட்னஸ் பொத்தானை மட்டும் தொடாதீர்கள்.