அம்மப்பாவின் கூத்துக் கொப்பி யாருக்குச் சொந்தம்? ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடலாமா?

படுவான்கரைப் பொடியன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மப்பா மட்டக்களப்பில் எங்கள் ஊரில் ஏட்டண்ணாவியாராக, அதாவது கூத்து ஏட்டை வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவராக இருந்தவர். 1989இல் காலமானார். அவர் கைப்பட எழுதிய வடமோடிப் பாணிக் கூத்துக் கொப்பி ஒன்று மாமா வீட்டு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பெரிய சீஆர் கொப்பி, நீல மை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் 1961 ஆவணி என்று தேதியும். 78 சூறாவளியில் கூரை போன இரவு அம்மம்மா அதைச் சீலையில் சுற்றி நெல் மூட்டைகளுக்கு நடுவில் சொருகிக் காப்பாற்றினாராம். 2011 வெள்ளத்தில் கீழ்ப்பக்கம் நனைந்து, கடைசிப் பத்துப் பதினைந்து தாள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி இருக்கிறது. இன்னொரு வெள்ளத்தைத் தாங்காது. அதனால் போனிலாவது ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டுவிடுவோம் என்று கேட்டால், மாமா "கொப்பி படி தாண்டக் கூடாது, போட்டால் கண்டவனும் களரி (கூத்தாடும் அரங்கு) கட்டுவான்" என்கிறார். கடைசி விருத்தத்தில் ஒரு புலவரின் பெயரும் ஊரும் வருகிறது, ஆண்டு இல்லை. அம்மப்பா அதைப் பார்த்து எழுதியவர்தான், ஆனால் சில தரு (கூத்துப் பாட்டு) அவரே கட்டியது என்று அம்மா சொல்கிறார்.

இது போதாதென்று இன்னொரு பிரச்சினை. 2018இல் இதே கூத்தை எங்கள் ஊரில் அரங்கேற்றினோம். ஊர்க் காசில் வீடியோக்காரரைப் பிடித்து விடிய விடியப் பதிவு செய்தோம். போன தை மாதம் மச்சான் அதை யூடியூபில் ஏற்றினால், வேறு யாரோ ஒருவருடைய சனலிலிருந்து, வீடியோ தங்களுடையது என்று கிளைம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் எங்கள் வீடியோவேதான், மூலையில் அவர்களின் லோகோ, பத்து நிமிடத்துக்கொரு விளம்பரம், ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. வீடியோக்காரரைக் கேட்டால் "கேட்டார்கள், கொடுத்தேன்" என்கிறார். எங்கள் சித்தப்பா பீமனாக ஆடியதற்கு நாங்களே கள்ளர் ஆகிவிட்டோம்.

சட்டப்படி இதெல்லாம் யாருடையது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை:

தம்பி, நான் சட்டத்தரணி இல்லை. ஒரு சட்டத்தரணியிடம் பல வருடம் கிளாக்காக இருந்தவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொப்பி. நம் இலங்கையில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரைக்கும் பதிப்புரிமை. நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் காலமானார், 2017உடன் 70 ஆண்டு முடிந்தது, அவருடைய பாட்டை இப்போது யாரும் யாரையும் கேட்காமல் அச்சடிக்கலாம். உங்கள் புலவர் அவருக்கும் முந்தியவராக இருந்தால் மூலப் பாடலில் யாருக்கும் உரிமை மிச்சமில்லை. ஆனால் அம்மப்பா தானே கட்டிய தரு இருக்கிறதே, அது அவருடைய ஆக்கம், 2059 வரைக்கும் வாரிசுகளுக்கு உரிமை. வாரிசு என்றால் மாமா மட்டுமில்லை, உங்கள் அம்மாவும்தான். பெட்டித் திறப்பு மாமாவிடம் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் பாட்டின் உரிமையும் அவருக்கு மட்டும் என்று ஆகிவிடாது. காணி உறுதி ஒருவர் கையில் இருப்பதும் காணி அவருடையதாக இருப்பதும் வேறு வேறு இல்லையா, அது மாதிரி.

வீடியோவுக்கு வருவோம். வீடியோக்காரருக்கு அதில் உரிமை இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இருந்தாலும் அதைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், இரண்டு பக்கமும் ஒப்பம் வைத்துச் செய்ய வேண்டும். "கேட்டார்கள், கொடுத்தேன்" என்பது கைமாற்றம் ஆகாது. அதற்கு மேல் ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் தனியாக ஓர் உரிமை இருக்கிறது, ஆற்றுகையாளர் உரிமை. அது 50 ஆண்டுக்கு இருக்கும். உங்கள் சித்தப்பாவிடம் அந்தச் சனல் கேட்டதா?

கிளைம் வந்தால் பயப்படாதீர்கள். கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. ஸ்ட்ரைக்தான் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலையே மூடும். இப்போது வந்திருப்பது கிளைம் என்றால் அதிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம், அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கிளைம் தானாக விழுந்துவிடும். மறுப்பில் கோபத்தைக் கொட்டாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஊர்க் களரி, யார் காசு கொடுத்தது, ரசீது இருக்கிறதா, அதை மட்டும் எழுதுங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே முதலில் ஓடுவது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு இணையப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய முறை. நம் சட்டத்தைப் பற்றி எழுதினால் அங்கே இருப்பவருக்கு விளங்குமோ தெரியாது.

சும்மா வந்தவன்:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்கேன் பண்ணிப் போட்டுவிடுங்கள், கொப்பி அழிந்த பிறகு உரிமையை வைத்துக்கொண்டு நக்கவா முடியும். அந்தச் சனல்காரன்மேல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் முறைப்பாடு போடுங்கள், அதற்குத்தானே அரசாங்கம் கொண்டுவந்தது.

வாவிக்கரை:

தம்பி சும்மா வந்தவன், அந்தச் சட்டத்தை இதற்குள் இழுக்காதீர்கள். 2024 ஜனவரி 24ஆம் தேதி 108க்கு 62 என்று நிறைவேற்றினார்களே, அது ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய்க் கூற்று என்று பார்த்து நீக்கச் சொல்வதற்கான சட்டம். கூத்து வீடியோவில் ஊர்ப் பெயரை விட்டதற்கு அதில் இடமில்லை. எனக்கு அந்தச் சட்டமே பிடிக்காது, அது வேறு கதை. 2018 பெப்ரவரியில் அம்பாறை டவுனில் சாப்பாட்டில் மலட்டு மருந்து என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள், பிறகு பரிசோதித்தால் மாக்கட்டி. பொய் எவ்வளவு கெடுதி செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அரசாங்கம் கையில் எடுப்பது ஒரே ஆயுதம்தான், எல்லாவற்றையும் மூடுவது. 2019இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் என்று விசாரிக்க வட்ஸ்அப் இல்லை. மட்டக்களப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பகல் எப்படிப் போனதென்று.

அக்கரை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும். வாவிக்கரை நானா, நீங்கள் சொன்னதெல்லாம் எழுதியவர் பெயர் தெரிந்த பாட்டுக்குச் சரி. எங்கள் நாட்டார் கவி மாதிரி இருந்தால் என்ன செய்வது? என் மூத்தம்மா வயலுக்குப் போனவருக்காகப் பாடுகிற கவி சொல்வார். அவர் கட்டியதா, அவருடைய உம்மா கட்டியதா, யாருக்கும் தெரியாது. அவர் திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னதை நான் போனில் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். ஆறு மாதம் கழித்து டிக்டொக்கில் அதே குரல், கீழே பீட் அடித்து, "பழங்காலத்துத் தமிழ்ப் பாட்டி" என்று தலைப்பு. அக்கரைப்பற்று என்றும் இல்லை, சோனகப் பெண்ணின் கவி என்றும் இல்லை. மூத்தம்மாவுக்குக் காட்டினேன். "நான் ஏன் இவ்வளவு வேகமாப் பாடுறன்?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் கவலை.

வாவிக்கரை:

மகள், நல்ல கேள்வி. அதே 2003 சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்கானது. வியாபாரத்துக்கோ, வழமையான சூழலுக்கு வெளியிலோ பிரதி செய்தால், ஒலிபரப்பினால், மாற்றியமைத்தால் அனுமதி வேண்டும். எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிடவும் வேண்டும். அந்த டிக்டொக்காரர் இரண்டையும் செய்யவில்லை.

இனித்தான் வேடிக்கை. அனுமதி கொடுக்கிற உரிமை உங்கள் மூத்தம்மாவுக்கும் இல்லை, அக்கரைப்பற்றுக்கும் இல்லை. அமைச்சர் தீர்மானிக்கிற தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவருக்கு, கட்டணத்தோடு. வசூலிக்கிற காசு "கலாசார அபிவிருத்திக்கு". சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், கூத்தைக் களரியிலிருந்து எடுத்து இணையத்தில் போடுவதும் வழமையான சூழலுக்கு வெளியேதான், படுவான்கரைத் தம்பியே அனுமதி கேட்க வேண்டி வரலாம். பாட்டைக் காப்பாற்றி வைத்த ஊருக்குச் சட்டத்தில் இருக்கிற இடம் ஒரு லேபிள், மருந்துப் போத்தலில் ஒட்டுகிற மாதிரி.

மத்தளக்காரன்:

பிள்ளைகள் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள் டைப் பண்ணுகிறாள்.

எங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. கூத்துப் பழக்கம் தொடங்கும்போது ஏட்டிலிருந்து அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுப்போமே, அதற்குப் பெயரே சட்டம் கொடுத்தல். வெற்றிலை பாக்கு வைத்து, பெரியவர்கள் இருந்து, இன்னாருக்குத் தருமர், இன்னாருக்குத் திரௌபதை என்று கொடுப்பது. வாங்கியவன் அந்தப் பாட்டுக்குப் பொறுப்பு. ஆடாமல் விட்டால் ஊர் கேட்கும். வேற்றூர்க்காரர் வந்து ஏடு கேட்டால் கொடுக்காமல் விட்டதில்லை, ஆனால் வந்து கேட்க வேண்டும், அண்ணாவியாரைக் கூப்பிட வேண்டும், அரங்கேற்றத்தில் அவருக்குச் சால்வை போட வேண்டும். 60களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நம் கூத்தைக் கொண்டுபோனார், விடிய விடிய ஆடுவதை மேடைக்குச் சுருக்கினார், அப்போது அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தார். அண்ணாவியார் பெயர் இன்றைக்கும் நிற்கிறது.

தம்பியின் மாமா கொப்பியைப் பூட்டி வைப்பது பிழைதான். ஆனால் அவருக்குக் கோபம் கொப்பி வெளியே போவதால் இல்லை, தன்னை யாரும் கேட்காமல் போய்விடுவார்கள் என்பதால். போனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெற்றிலையோடு போங்கள்.

அக்கரை மகள்:

பெரியவர் சொன்னது சரி, ஆனால் இணையத்தில் வெற்றிலையை எங்கே வைப்பது? நான் கேட்பது கேலிக்கு இல்லை. எடுத்தவர் கனடாவில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம்.

சும்மா வந்தவன்:

வோட்டர்மார்க் போடுங்க.

வாவிக்கரை:

வோட்டர்மார்க்கை வெட்டித் தன் லோகோ போடத் தெரிந்தவர்கள்தானே இவர்கள்.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். தனியாக யூடியூபில் மட்டும் போடாமல் முதலில் ஓர் ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஏடுகள், சஞ்சிகைகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. கொப்பி யாருடையது, எழுதியவர் யார், எந்த ஊர் என்ற விவரத்தோடு தேதியும் பதிவாகிக் கிடந்தால், நாளைக்கு யாராவது தன்னுடையது என்று சொன்னால் காட்ட ஓர் இடம் இருக்கும். முதல் பக்கத்தில் மாமாவின் பெயரையும் போடுங்கள், பாதுகாத்தவர் என்று.

இரண்டாவது, 24ஆம் பிரிவுக்குத் தகுதிவாய்ந்த அதிகாரியாக யாரை நியமித்திருக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு, கிழக்கு மாகாணக் கலைகளுக்காக இதுவரை எவ்வளவு வசூலானது என்று கலாசார அமைச்சுக்கு ஒரு தகவல் உரிமைக் கோரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். நாலைந்து பேர் வேறு வேறு ஊரிலிருந்து அனுப்பினால் நல்லது. அக்கரைப்பற்றிலிருந்து ஒன்று போகட்டும் மகள்.

அக்கரை மகள்:

அனுப்புகிறேன் நானா. மூத்தம்மாவின் பெயரிலேயே அனுப்புகிறேன், ஒப்பம் வைப்பார்.

படுவான்கரைப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுபோனேன். மாமா முதல் அரை மணித்தியாலம் மாட்டைப் பற்றி மட்டுமே பேசினார். பிறகு தானே எழுந்து பெட்டியைத் திறந்தார். ஸ்கேன் பண்ணலாம், காப்பகத்துக்கும் கொடுக்கலாம், ஆனால் அம்மப்பா கட்டிய தரு இருக்கிற ஏழு பக்கமும் இந்த வருடம் வெளியே போகக் கூடாது, வைகாசியில் ஊரில் ஆடிய பிறகுதான் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். யூடியூபில் மறுப்பும் போட்டாயிற்று, 11 நாள் ஆகிறது, பதில் இல்லை.

இருபத்திரண்டு பக்கம் எடுத்தேன். நடுவில் கொப்பியைக் கட்டிய கம்பி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கிறது, இழுத்தால் கிழியும்போல. ஒட்டிப்போன கடைசித் தாள்களையும் எப்படிப் பிரிப்பது? யாராவது செய்திருக்கிறீர்களா?

மத்தளக்காரன்:

கம்பியை இழுக்க வேண்டாம் மகன். கொப்பியைத் திருப்பி, வளைந்திருக்கிற இரண்டு முனையையும் மெல்ல நிமிர்த்தி மற்றப் பக்கத்தால் எடுங்கள். ஒட்டின தாளை விட்டுவிடுங்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். அந்தப் பக்கத்துப் பாட்டு எனக்கு வாயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சொல்கிறேன், எழுதிக்கொள்ளலாம்.