பழைய ஃப்ளூக் 87-வி மீட்டர்: அசலா, டூப்ளிகேட்டா, பத்து நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது?

பேனல்_திருச்சி:
செகண்ட் ஹேண்டில் ஃப்ளூக் 87-வி மல்டிமீட்டர் ஒன்று வருகிறது. புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெட்டி, பில் இரண்டும் இல்லை. கூட வரும் டெஸ்ட் லீடில் கம்பெனி பெயரே இல்லை. பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்க்கலாம், கழற்றியும் பார்க்கலாம் என்கிறார் விற்பவர். நம்ம வேலை 415 வோல்ட் மோட்டார் பேனலும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). எதைப் பார்த்து முடிவு செய்வது?

மின்மானி:
மஞ்சள் நிறத்தையும் லோகோவையும் நம்ப வேண்டாம். சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் அச்சடித்து ஒட்டுகிற சரக்குதான். அந்த மாடலுக்கே உரிய வேலைகளைச் செய்கிறதா என்று பாருங்க. புது 9 வோல்ட் பேட்டரி, நல்ல லீடு ஒரு செட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் கையோடு கொண்டு போங்க.

டயலை ஏசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு லீடை 'ஏ' (ஆம்பியர்) சாக்கெட்டில் சொருகுங்க. அசலாக இருந்தால் பீப் அடித்து, திரையில் 'லீட்' என்று காட்டும். 'எம்ஏ' (மில்லிஆம்பியர்) சாக்கெட்டிலும் அப்படியே. அந்த இரண்டு சாக்கெட்டிலும் உள்ளே இருக்கும் உலோகம் இரண்டாகப் பிளந்திருக்கும். பிளக் போனதும் இரண்டும் சேர்வதை வைத்துத்தான் மீட்டருக்குத் தெரிகிறது. வெளித்தோற்றத்தை மட்டும் காப்பியடித்தவன் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டான்.

அடுத்து டிசி வோல்ட்டில் அந்த 9 வோல்ட் மாதிரி ஏதாவது ஒரு பேட்டரியை அளந்துகொண்டே பேக்லைட் பொத்தானை ஒரு விநாடி அழுத்திப் பிடிங்க. 9.23 என்று இருந்தது 9.231 என்று கூடுதல் இலக்கத்தோடு வரணும். ஏசி வோல்ட்டில் மஞ்சள் பொத்தானைத் தட்டினால் லோ பாஸ் ஃபில்டர் (உயர் ஃப்ரீக்வென்சியை வடிகட்டுவது) ஆன் ஆகணும். விஎஃப்டி அவுட்புட் பார்க்க உங்களுக்கு அதுதான் முக்கியம். அது இல்லாத மீட்டர் விஎஃப்டியின் கேரியர் (ஸ்விட்சிங்) ஃப்ரீக்வென்சியையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும்.

பழைய_ஃபோர்மேன்:
மேலே சொன்னதெல்லாம் பாஸ் ஆனாலும் ஆபத்து போகவில்லை. அசல் மீட்டருக்குள்ளேயே கிளாஸ் ஃப்யூஸ் போட்டு விற்கிறவர்கள் உண்டு. ஒரிஜினல் ஃப்யூஸ் விலை அப்படி.

டயலை ஓம்ஸில் வைத்து, வோல்ட் சாக்கெட்டில் ஒரு லீடைச் சொருகி, அதன் முனையை 'ஏ' சாக்கெட்டுக்குள் வைத்தால் 0.5 ஓமுக்குள் காட்டணும். 'எம்ஏ'யில் வைத்தால் கிட்டத்தட்ட 1 கிலோ ஓம், அதாவது 0.995 முதல் 1.005 வரை. இடையில் பீப் அடித்தால் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் ஃப்யூஸ் இருக்கிறதா என்றுதான் இது சொல்லும், என்ன ஃப்யூஸ் என்று சொல்லாது. ஃப்யூஸுக்குள் செம்புக் கம்பி சுற்றியிருந்தாலும் இதே ரீடிங்தான்.

அதனால் கழற்றுங்க. பேட்டரி மூடியை எடுத்துவிட்டு, பின்பக்கம் மூன்று ஸ்டார் ஸ்க்ரூ. உள்ளே 11 ஆம்பியர் 1000 வோல்ட் ஒன்று, 440 மில்லிஆம்பியர் 1000 வோல்ட் ஒன்று. இரண்டுமே மணல் நிரப்பிய, உள்ளே தெரியாத ஃப்யூஸ். உள்ளே கம்பி தெரிந்தால் அது வேண்டாத ஃப்யூஸ். சின்ன கிளாஸ் ஃப்யூஸ் சில பத்து ஆம்பியர் ஷார்ட்டைத்தான் அறுக்கும். பேனலில் ஃபால்ட் கரண்ட் ஆயிரக்கணக்கில் போகும். ஃப்யூஸ் உருகினாலும் ஆர்க் நிற்காது, வெடிப்பது உங்கள் கையில்.

இன்புட் பக்கம் வட்ட வில்லை மாதிரி வேரிஸ்டர்கள் (திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தாங்கும் பாகங்கள்) இருக்கணும். அவை கருகியிருந்தாலோ, புதுசாக சால்டர் செய்த தடம் இருந்தாலோ, போர்டில் புகைக்கறை இருந்தாலோ வைத்துவிட்டு வந்துடுங்க.

பேனல்_திருச்சி:
நன்றிங்க. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்து, ஃப்யூஸ் மட்டும் தப்பு என்றால்?

பழைய_ஃபோர்மேன்:
இரண்டு ஃப்யூஸ் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்க. மாற்றும்வரை 415 பக்கம் கொண்டு போகாதீங்க.

லைன்_லாஸ்:
அந்தப் பெயரில்லாத லீடை அங்கேயே விட்டுடுங்க. மீட்டர் கேட் 3 (கேட் என்பது பாதுகாப்பு வகுப்பு), 1000 வோல்ட் என்றாலும் லீடு கேட் 2 ஆக இருந்தால் மொத்தமும் கேட் 2தான். பேனலுக்கு முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். 19 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், நெருக்கமான பஸ்பாரில் இரண்டு ஃபேஸையும் அதுவே சேர்த்துவிடும்.

ட்ரூ ஆர்எம்எஸ் (அலை வடிவம் எப்படி இருந்தாலும் சரியான வோல்ட் காட்டுவது) சோதனை, ஃப்யூஸ் சரி என்று தெரிந்த பிறகு மட்டும்: குண்டு பல்புக்கு ஒரு டிம்மர் போட்டு, சைன் அலையில் பாதியை வெட்டும்படி வைத்தால் 230க்கு ஏறக்குறைய 163 வோல்ட் காட்டணும். சாதா ஆவரேஜ் மீட்டர் 115 பக்கம் காட்டும். டிம்மரைச் சரியாகப் பாதியில் நிறுத்துவது கஷ்டம், அதனால் நம்பகமான ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. எல்இடி பல்பில் இதைச் செய்தால் கணக்கு ஒத்துவராது.

காலிபரேஷன் சர்டிஃபிகேட் காட்டினால் அதில் இருக்கும் சீரியல் நம்பரும் மீட்டர் முதுகில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, லேபின் பெயரை என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) தளத்தில் தேடுங்க.