அந்த 200 மீட்டருக்குப் பிறகு பதினொரு நாள்

சுவரைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து நேரப்பலகையைப் பார்த்தேன். 2:28.6. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் என் சிறந்த நேரம் 2:23.9. எட்டு மாதம் விடியலுக்கு முன் எழுந்து நீந்திவிட்டு, ஏறத்தாழ ஐந்து வினாடி பின்னுக்குப் போயிருந்தேன். அழுகை தெரியக்கூடாது என்று நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமலே உடைமாற்றும் அறைவரை நடந்தேன்.

பதினொரு நாள் குளத்துப் பக்கமே போகவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் பெயரைச் சொன்னார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 15 வயதில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஐந்தாவதாக வந்தவர், அடுத்த ஆண்டே அதில் உலக சாதனை படைத்தார். உண்மைதான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்குச் சுமைதான் கூடியது. தேறுதல் தந்தது பிரிட்டிஷ் நீச்சல் வீரர் ஆடம் பீட்டி பற்றிய செய்தி. ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர், 2023இல் மனநலத்தைக் காரணமாகச் சொல்லி பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகினார். அதை வாசித்த இரவு, பல நாளுக்குப் பிறகு குற்ற உணர்வு இல்லாமல் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பயிற்சியாளர் ஒரு தாளை அனுப்பினார். அறிவுரை எதுவும் இல்லை, இரண்டு வரி எண்கள் மட்டும். போட்டியில் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் நான் எடுத்த நேரம்: 31.4, 36.9, 40.2, 40.1. அதன் கீழே என் சிறந்த நீச்சல்: 33.2, 36.8, 37.4, 36.5.

அதை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. முதல் 50 மீட்டரில் 1.8 வினாடி மிச்சம் பிடித்து, கடைசி 100 மீட்டரில் 6.4 வினாடியை இழந்திருந்தேன். வேகம் கூடக் கூட நீரின் தடை அதைவிட அதிகமாக ஏறும். பதற்றத்தில் பாய்ந்த அந்த முதல் நீளத்திலேயே என் கைகளின் வலுவைக் கரைத்துவிட்டேன். எனக்குத் திறமை இல்லை என்று பதினொரு நாள் நம்பியிருந்தேன். தாள் அப்படிச் சொல்லவில்லை. அவசரப்பட்டாய் என்று மட்டும் சொன்னது. அவசரத்தைத் திருத்த முடியும்.

திரும்பிப் போனபோது ஒன்றே ஒன்று கேட்டேன்: சில வாரம் என் நேரத்தை யாரும் குறிக்க வேண்டாம். ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று மட்டும் எண்ணினேன். முதல் நாள் 43. நீர் கைக்குப் பிடிபடவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது வாரம் 39. ஆர்வம் எந்த நாளில் திரும்பியது என்று சொல்லத் தெரியவில்லை. பயிற்சி முடிந்த பிறகு ஒரு மாலை, "இன்னும் ஒரு 50 போகட்டுமா சார்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. என் மகளுக்கு 12 வயது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அவளுடைய ஒரு கை முந்திவிட்டது, தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். வீடு வரும்வரை பேசவில்லை. நானும் வாய்க்கு வந்த ஆறுதலெல்லாம் சொல்லி இன்னும் கெடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவளாகவே சமையலறைச் சுவரில் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நீச்சல் பையை அவளே எடுத்து வாசலில் வைத்திருந்தாள்.

*

முதலில் எழுதியது நான்தான். அம்மா, உங்கள் மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அதே 200 மீட்டர். முதல் 50 மீட்டருக்கு 33 வினாடி என்று கையில் எழுதிக்கொண்டு போகப்போகிறேன்.