கூட்டத்தில் வீட்டாரும் பேச வேண்டும்

குழு: எங்கள் வீடு

நான், இரவு 8:34
ஊரில் விடிந்திருக்கும். இங்கே ஹூஸ்டனில் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஒரு விஷயம். வாஷிங்டனில் நேஷனல் அகாடமி ஆஃப் மெடிசின் என்று, மருத்துவ விஷயங்களில் ஆலோசனை சொல்கிற ஓர் அமைப்பு இருக்கிறது. அது இளம் மருத்துவர்களுக்கு ஃபெல்லோஷிப் தருகிறது. அதில் மகப்பேறு மருத்துவர்களுக்கென்றே நார்மன் கேன்ட் என்ற மருத்துவர் பெயரில் ஒன்று இருக்கிறது. சுகாதாரக் கொள்கை எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்தே கற்றுக்கொள்ளலாம். விண்ணப்பிக்கப் போகிறேன்.

பெரியப்பா, இரவு 8:37
மறுபடியும் படிப்பா அம்மா? 4 வருடம் ரெசிடென்சி என்று மகப்பேறு பயிற்சி முடித்து இப்போதுதான் 2 வருடம் ஆகிறது. வேலை போய்விடாதே?

நான், இரவு 8:38
வேலையை விட வேண்டாம் பெரியப்பா. 2 வருடம், பகுதி நேரம்தான். ரெசிடென்சி முடித்து 1 முதல் 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

தம்பி, இரவு 8:38
சம்பளம் உண்டா அக்கா?

நான், இரவு 8:39
சம்பளம் இல்லைடா. ஆய்வுச் செலவுக்கு 25,000 டாலர்.

அம்மா, இரவு 8:41
குழந்தைக்கு 2 வயதுதான் ஆகிறது. நைட் டியூட்டியிலேயே பாதி உடம்பாகிவிட்டாய். வாஷிங்டனுக்கு வேறு அலைய வேண்டுமா? பிரசவம் பார்ப்பதே பெரிய புண்ணியம். அது போதாதா?

நான், இரவு 8:50
குடிபெயர வேண்டியதில்லை அம்மா. அவ்வப்போது கூட்டங்களுக்குப் போய் வந்தால் போதும். ராபர்ட் வுட் ஜான்சன் ஃபெல்லோஷிப் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு வருடம் வாஷிங்டனிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் அதை யோசிக்கவே இல்லை.

போதாதா என்று கேட்டாயே. 2019, ரெசிடென்சியின் முதல் வருடம். ஒரு பெண்ணுக்கு சுகப்பிரசவம். ரத்த அழுத்தம் மட்டும் கூடுதல், மாத்திரை கொடுத்து அனுப்பினோம். டெக்சாஸில் அப்போது ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற மெடிக்கெய்ட் காப்பீடு, பிரசவமாகி 2 மாதத்தில் நின்றுவிடும். நின்றது. மாத்திரையும் நின்றது. 4ஆம் மாதம் மூச்சுத் திணறலோடு எமர்ஜென்சிக்கு வந்தாள். இதயம் வீங்கியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

2 மாதம் போதும் என்ற அந்தக் கணக்கை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். பிரசவம் பார்க்கிற ஒருத்தி அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா, இரவு 8:51
கடவுளே. இதை என்னிடம் சொல்லவே இல்லையே.

பெரியப்பா, இரவு 8:53
இன்னும் 2 மாதம்தானா?

நான், இரவு 8:55
இல்லை பெரியப்பா. மாநிலங்கள் விரும்பினால் 12 மாதம் ஆக்கலாம் என்று மத்திய அரசு 2021இல் சட்டம் கொண்டுவந்தது. டெக்சாஸ் 2023இல்தான் ஒத்துக்கொண்டது. 2024 மார்ச் 1 முதல் 12 மாதம். அவளுக்கு அது 4 வருடம் பிந்தி வந்தது.

அத்தை, இரவு 9:02
இப்போதுதான் பார்த்தேன் கண்ணு. நான் கிராம செவிலியராக இருந்தபோது ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் விசாரிப்போம். எத்தனை மணிக்கு வலி வந்தது, வண்டி எப்போது வந்தது, எங்கிருந்து எங்கே அனுப்பினார்கள் என்று எல்லாம் கேட்போம். பிறகு கலெக்டர் கூட்டம். அதற்கு இறந்தவளின் வீட்டாரையும் வரச் சொல்வார்கள்.

ஒரு கூட்டம் மறக்காது. ரெஜிஸ்டரில் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது’ என்று ஒரே வரி. அவளுடைய அம்மா எழுந்து, மூன்று இடத்தில் இறக்கி ஏற்றினார்கள், மூன்றாவது இடத்தில்தான் ரத்தம் இருந்தது என்றார். அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி லட்சம் பிறப்புக்கு 54 தாய் மரணம். இந்தியாவுக்கு 97. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 3 நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தது, ரத்தம் சேமித்து வைத்தது எல்லாம் சேர்ந்துதான் குறைந்தது. எங்கே என்ன குறை என்று அந்தக் கூட்டங்கள் காட்டிக் கொடுத்தன.

தம்பி, இரவு 9:04
அமெரிக்காவில் எவ்வளவு?

நான், இரவு 9:05
2023இல் 18.6. கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் பார்த்தால் 50.3.

பெரியப்பா, இரவு 9:05
அவ்வளவு பணக்கார நாட்டிலா!

அத்தை, இரவு 9:07
நாங்கள் பிரசவமாகி 42 நாள் வரைதான் கணக்கெடுப்போம். அங்கே?

நான், இரவு 9:12
இங்கே தாய் மரணங்களை ஆராய்கிற குழுக்கள் ஒரு வருடம் வரை பார்க்கின்றன அத்தை. 2017 முதல் 2019 வரை 36 மாநிலங்களில் நடந்த மரணங்களை அலசினார்கள். 53 சதவீதம் பிரசவமாகி 7 நாளுக்குப் பிறகு நடந்தவை. 84 சதவீதம் தடுத்திருக்கக்கூடியவை. டெக்சாஸிலும் 2013இல் சட்டம் போட்டு இப்படி ஒரு குழு அமைத்தார்கள். ஆனால் அவர்கள் படிப்பது பெயர், அடையாளம் எல்லாம் நீக்கிய காகிதங்களை. நீங்கள் சொன்ன அம்மா மாதிரி ஒருவர் அங்கே எழுந்து பேச வழியில்லை.

விண்ணப்பத்தில் என்ன ஆய்வு என்று எழுதத் தெரியாமல் ஒரு வாரமாகத் திணறிக்கொண்டிருந்தேன். இதைத்தான் எழுதப் போகிறேன் அத்தை. வீட்டார் சொல்வதைக் கேட்டால் இந்த ஊர்க் கணக்கில் என்ன புதிதாகத் தெரியவரும் என்று.

அத்தை, இரவு 9:16
எழுது. எங்கள் குறையையும் சேர்த்து எழுது. சில கூட்டங்களில் செவிலியரை நிற்க வைத்துத் திட்டுவார்கள். அதற்குப் பயந்து ரெஜிஸ்டரைத் திருத்தியவர்களும் உண்டு. வீட்டார் பேசட்டும், ஆனால் யார் தலையில் கட்டலாம் என்று தேடுகிற இடமாக அது ஆகக் கூடாது.

நான், இரவு 9:17
இதை அப்படியே குறித்துக்கொள்கிறேன். உங்களுக்கு புதன் காலை வசதியா? கூப்பிடுகிறேன்.

அத்தை, இரவு 9:18
6 மணிக்கே எழுந்துவிடுவேன். கூப்பிடு.

பெரியப்பா, இரவு 9:20
பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவாய்?

நான், இரவு 9:21
எங்கள் துறைத் தலைவரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன் பெரியப்பா.

அம்மா, இரவு 9:26
விசா இன்னும் இருக்கிறது. கிடைத்தால் கூட்டம் எந்தெந்த மாதம் என்று முதலில் எனக்குச் சொல். அதைப் பார்த்து டிக்கெட் போடலாம். பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.