மின்சார கார் உண்மையிலேயே செலவைக் குறைக்குமா? கணக்கு இடிக்கிறது

கேள்வி: பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சார கார் வாங்க யோசனை. தினமும் 35 கி.மீ., வருடத்துக்கு சுமார் 12,000 ஓடும். இப்போதைய வண்டி 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கிறது. மின்சார வண்டிக்கு 15 யூனிட் போதும் என்கிறார்கள். நல்ல லாபம்தான். ஆனால் அதே வண்டியை ஓட்டும் நண்பர், "அப்படியொன்றும் மிச்சமாகவில்லை" என்கிறார். எங்கே இடிக்கிறது?

பதில் 1: அவர் எங்கே சார்ஜ் போடுகிறார் என்று கேளுங்கள். வழியில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். அப்புறம், நான் தனி மீட்டர் மாட்டிப் பார்த்தேன். கார் திரையில் 15 யூனிட் என்றால் மீட்டரில் 17. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாகும் அந்த இரண்டுக்கும் காசு நம்முடையதுதான்.

கேட்டவர்: அதேதான். அவர் வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லை, எனக்கு உண்டு. தனி சார்ஜர் மாட்டணுமா?

பதில் 1: 35 கி.மீ.க்கு 6 யூனிட். 2 கிலோவாட் பிளக்கில் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். ஒயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். வருடத்துக்கு 840 லிட்டர் ஒரு பக்கம், 2,040 யூனிட் மறுபக்கம். உங்கள் விலையைப் போட்டுக் கழியுங்கள். வண்டி விலையில் உள்ள வித்தியாசத்தை அந்த வருட மிச்சத்தால் வகுத்தால் எத்தனை வருடம் என்று தெரிந்துவிடும்.

பதில் 2: எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் செலவு கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும். என் வண்டி 60,000 கி.மீ. தாண்டியும் பிரேக் பேட் பாதிகூடத் தேயவில்லை. டயர்தான் கடுப்பு! வண்டி கனம், எடுப்பும் அதிகம், சீக்கிரம் வழுக்கையாகிவிட்டது. இன்சூரன்ஸ் தொகையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், எனக்கு அதில்தான் அடி விழுந்தது.

கேட்டவர்: வகுத்துப் பார்த்தேன். புதுசு என்றால் ஆறு வருடத்துக்குப் பிறகுதான் லாபம். 😕

பதில் 2: அப்படியானால் மூன்று வருடப் பழசைப் பாருங்கள். பெரிய விலைச் சரிவை முதல் ஆள் தாங்கியிருப்பார். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன, பெரும்பாலும் அதுவரை கொள்ளளவு 70%க்குக் கீழே போகாது என்ற உறுதியோடு. மீதி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி நிலை அறிக்கை இல்லாமல் முன்பணம் வேண்டாம்.

கேட்டவர்: சனிக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போகிறேன். அறிக்கை கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.